சேற்றுப் பயணத்துக்குப் பின் சார்ஜ் ஏறவில்லையா: கழுவினால் போதுமா, பழுது பார்ப்பதா, புது ஆல்டர்நேட்டர் வாங்குவதா?

சேறும் ஓடையும் கடந்து வந்த வண்டியில் பேட்டரி விளக்கு எரியத் தொடங்கினால், பலரும் உடனே ஆல்டர்நேட்டரின் (எஞ்சின் சுழற்சியில் மின்சாரம் தயாரித்து பேட்டரியை ஏற்றும் கருவி) விலையை விசாரிக்கிறார்கள். இன்னும் சிலர் முதலில் பேட்டரியை மாற்றிப் பார்க்கிறார்கள். எஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் ஒயர் பாதி அறுந்து நிற்பதுதான் காரணம் என்றால் இரண்டு செலவும் வீண். புது ஆல்டர்நேட்டரைப் பொருத்தினாலும் பேட்டரிக்கு அதே குறைந்த வோல்ட்தான் வந்து சேரும்.

உங்கள் முன் இருக்கும் வழிகள் ஐந்து. வெளி இணைப்புகளையும் பெல்ட்டையும் சரிசெய்து, ஆல்டர்நேட்டரைக் கழுவிக் காயவைத்து ஓட்டலாம். அதைக் கழற்றி பிரஷ், பேரிங், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஆகியவற்றை மட்டும் மாற்றலாம். பழையதைக் கொடுத்துவிட்டு ரீபில்ட் செய்த, அதாவது பிரித்துப் புதுப்பித்த, ஒன்றை வாங்கலாம். புதிதாகவே வாங்கலாம். அல்லது கூடுதல் ஆம்பியர் தரும் பெரிய ஆல்டர்நேட்டருக்கு மாறலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை மல்டிமீட்டர் காட்டும் எண்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்; அவற்றை எடுக்க அரைமணி நேரம் போதும். இங்கே வரும் எண்களெல்லாம் 12 வோல்ட் வண்டிக்கானவை.

சேறு எங்கே போய் என்ன செய்கிறது

ஆல்டர்நேட்டர் மூடிய பெட்டி அல்ல. அதன் விசிறி இரு முனைகளிலும் உள்ள துளைகள் வழியாகக் காற்றை இழுத்து, மின்சாரம் உண்டாகும் காயிலையும் அதை டிசியாக (நேர்மின்சாரம்) மாற்றும் டயோடுகளையும் குளிரவைக்கிறது. ஓடைத் தண்ணீரும் அதே துளைகள் வழியாகத்தான் உள்ளே போகிறது. தெளிந்த தண்ணீர் மட்டும் புகுந்தால் பெரும்பாலும் சேதம் இருக்காது. காயிலுக்கு வார்னிஷ் காப்பு உண்டு, ஓடுவதும் 14 வோல்ட்தான், எஞ்சின் சூட்டில் சீக்கிரம் காய்ந்தும்விடும். தண்ணீரோடு வரும் வண்டலும் மணலும்தான் வினை.

முதலில் மாட்டுவது பிரஷ், அதாவது உள்ளே சுழலும் ரோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் கட்டை. அது தன் கூட்டுக்குள் ஸ்பிரிங் விசையில் தாராளமாக நகர்ந்து ரோட்டர் தண்டிலுள்ள வளையமான ஸ்லிப் ரிங்கை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். ஈரமாக இருக்கும்வரை வண்டல் வழுக்கிக்கொடுக்கும். காய்ந்ததும் பிரஷைக் கூட்டோடு சேர்த்து இறுக்கிவிடும். பிரஷ் ரிங்கைத் தொடாவிட்டால் ரோட்டருக்குக் கரண்ட் போகாது, சார்ஜ் அடியோடு நிற்கும். ஓடையைத் தாண்டும்போது ஒன்றும் ஆகாத வண்டி மறுநாள் காலையில் சார்ஜ் ஏறாமல் நிற்பது இதனால்தான். சிக்காமல் தப்பினாலும், நடுவில் மாட்டிய நுண்மணல் உப்புத்தாள் போலப் பிரஷையும் ரிங்கையும் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, காற்றுத் துளைகள் அடைபடுவது. இதோடு வின்ச் (சிக்கிய வண்டியைக் கேபிளால் இழுக்கும் மின் மோட்டார்) சேர்ந்தால் நிலைமை மோசமாகிறது. 12 வோல்ட் வின்ச் முழு இழுப்பில் 400 ஆம்பியர் வரை எடுக்கும்; மூன்று நிமிடம் இழுத்தால் 20 ஆம்பியர்-மணி போய்விடும். அதன்பின் முதல் கியரில் ஊர்ந்து வரும்போது எஞ்சின் சுழற்சி குறைவு, ஆல்டர்நேட்டரின் விசிறிக் காற்றும் குறைவு. ஆனால் காலியான பேட்டரி எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். துளைகளில் சேறு அப்பிய நிலையில் முழுத் திறனில் ஓடும் அந்த நேரத்தில்தான் டயோடும் ரெகுலேட்டரும் வெந்துபோகின்றன. ஓடைமேல் பழி போடுகிறோம். பல சமயம் எரித்தது அதற்குப் பிந்தைய சூடு.

மூன்றாவது பேரிங். ரப்பர் சீல் தெறிக்கும் நீரைத் தடுக்கும், மூழ்குவதை முழுதாகத் தடுக்காது. கிரீஸில் மணல் கலந்துவிட்டால் உடனே சத்தம் வராது. சில வாரம் கழித்தே வரும்.

ஆல்டர்நேட்டருக்கு வெளியேயும் வேலை நடந்திருக்கும். எஞ்சின் ரப்பர் மவுண்ட்மேல் ஆடுவதால், எர்த் ஒயரின் இழைகள் லக்கில் (ஒயர் நுனியில் போல்ட் மாட்டும் உலோக முனை) நசுக்கிப் பிடித்த இடத்தில் ஒவ்வொன்றாக அறும். பேட்டரியைப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தால் குலுக்கலில் உள்ளே தகடுகளின் பூச்சு உதிரும், செல்களை இணைக்கும் பாலம் விரிசல் விடும். ஆல்டர்நேட்டரின் பின்னால் உள்ள சிறு பிளக்கில் நீர் புகுந்தால் பின்கள் பச்சை பூத்துவிடும்.

பெல்ட்டையும் மறக்க வேண்டாம். நனைந்த பெல்ட் கீச்சிட்டு வழுக்கும். காய்ந்தபின்னும் கீச்சிட்டால் அது தளர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டு ஆல்டர்நேட்டர் புல்லியைக் கையால் திருப்பிப் பாருங்கள். பெல்ட் நகராமல் புல்லி மட்டும் வழுக்கிச் சுழன்றால் இழுவிசை போதாது. பழைய வி பெல்ட்டில் நீண்ட பகுதியின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இறங்கலாம், அதற்கு மேல் கூடாது. பல வரி கொண்ட பெல்ட்டில் அதை இழுத்துப் பிடிக்கும் தானியங்கி டென்ஷனர் இருக்கும். எஞ்சின் ஓடும்போது அதன் கை வேகமாகத் துள்ளினால் டென்ஷனருக்குள் மணல் போயிருக்கிறது அல்லது ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது. ஒருவழிப் புல்லி உள்ள வண்டிகளில், ரோட்டரை அசையாமல் பிடித்துக்கொண்டு புல்லியைத் திருப்பினால் ஒரு பக்கம் லேசாகச் சுழல வேண்டும், மறுபக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும். இரு பக்கமும் சுழன்றால் சார்ஜ் வராது. இரு பக்கமும் பிடித்தால் சார்ஜ் வரும், ஆனால் பெல்ட்டும் டென்ஷனரும் சீக்கிரம் போகும்.

மீட்டரை வைக்கும் வரிசை

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். எஞ்சின் நின்று சில மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். அவசரமானால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளக்கலாம். 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் முழுச் சார்ஜ். 12.4 முக்கால், 12.2 பாதி. 12.0க்குக் கீழே என்றால் வேறு எதையும் சோதிக்காமல் முதலில் சார்ஜரில் போட்டு ஏற்றுங்கள். காலியான பேட்டரி நல்ல ஆல்டர்நேட்டரின் வோல்ட்டையும் கீழே இழுத்துக்கொண்டு போய், அதைக் கெட்டதுபோலக் காட்டும்.

ஏற்றிய பிறகு செல்ஃப் அடிக்கும்போது பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியின் உள்ளே கோளாறு. அதற்கு முன் டெர்மினல்கள் இறுக்கமாக உள்ளனவா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகச் சொல்லும். முழுச் சார்ஜில் ஒவ்வொரு செல்லும் 1.265 அளவில் இருக்க வேண்டும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அந்த பேட்டரி முடிந்தது.

அடுத்து, இக்னிஷனை ஆன் செய்து எஞ்சினை ஓட்டாமல் பேட்டரி விளக்கைப் பாருங்கள். அது எரிய வேண்டும். பழைய வகை வண்டிகளில் ஆல்டர்நேட்டர் விழித்துக்கொள்வதற்கான முதல் கரண்ட் அந்த விளக்கு வழியாகத்தான் போகிறது. எரியாவிட்டால் பல்பு, ஃப்யூஸ், பிளக், சிக்கிய பிரஷ் ஆகியவற்றில் ஒன்று. அந்த நிலையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையை ஆல்டர்நேட்டரின் பின்பக்கப் பேரிங் அருகே கொண்டுபோனால் காந்தம்போல இழுக்க வேண்டும். இழுத்தால் பிரஷும் ரோட்டரும் வேலை செய்கின்றன. கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளில் எஞ்சின் ஓடாதபோது இந்த இழுப்பு இருக்காது. இக்னிஷனை அணைத்த பிறகும் விளக்கு மங்கலாக எரிந்தால் டயோடு கசிகிறது.

இப்போது எஞ்சினை ஓட்டி, நிமிடத்துக்கு 1500 சுழற்சியில் பேட்டரியில் அளந்தால் 13.8 முதல் 14.7 வோல்ட் வர வேண்டும். ஹை பீம், ஏசி புளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு 2000 சுழற்சிக்கு உயர்த்துங்கள். 13.5க்குக் கீழே போகக் கூடாது. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரோ, வோல்ட்டை உணர்ந்து சொல்லும் ஒயரோ கெட்டிருக்கிறது. அப்படியே ஓட்டினால் பேட்டரி கொதிக்கும். புதிய வண்டிகளில் எஞ்சின் கம்ப்யூட்டர் எரிபொருளை மிச்சம்பிடிக்க வோல்ட்டை வேண்டுமென்றே 12.8 அளவுக்கு இறக்கும். அதைக் கோளாறு என்று எண்ணி ஆல்டர்நேட்டரைக் கழற்றியவர்கள் உண்டு. ஹெட்லைட்டைப் போட்டதும் 14க்கு மேல் ஏறினால் சிஸ்டம் நலமாக இருக்கிறது.

பெரும்பாலோர் தவிர்த்துவிடும் சோதனை அடுத்தது, ஆனால் முடிவைத் தீர்மானிப்பது அதுதான். எல்லா விளக்கும் எரிய, 2000 சுழற்சியில், மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்நேட்டரின் தடித்த பிளஸ் போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரியின் பிளஸ் ஈயக் குமிழிலும் வையுங்கள். கிளாம்பில் அல்ல, ஈயத்திலேயே. 0.3 வோல்ட் வரை பரவாயில்லை, 0.5ஐத் தாண்டினால் அந்தப் பாதையில் எங்கோ தடை. பிறகு ஆல்டர்நேட்டரின் உடலையும் பேட்டரியின் மைனஸ் குமிழையும் அளங்கள். 0.2க்கு மேல் கூடாது.

உதாரணமாக ஆல்டர்நேட்டரின் போல்ட்டுக்கும் அதன் உடலுக்கும் இடையே 14.4, பேட்டரியில் 13.3 என்று காட்டுகிறது. பிளஸ் பாதையில் இழப்பு 0.2, எர்த் பாதையில் 0.9. கூட்டினால் காணாமல்போன 1.1 வோல்ட் முழுவதும் கணக்கில் வந்துவிட்டது. கோளாறு எர்த்தில், ஆல்டர்நேட்டரில் இல்லை. முனையை எஞ்சின் பிளாக், சேசிஸ், லக், கிளாம்ப் என்று ஒவ்வோர் இடமாக நகர்த்திப் போனால், எண் எங்கே குதிக்கிறதோ அங்கேதான் துரு அல்லது அறுந்த இழை.

ஓம் மீட்டரால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே ஓர் இழை மிஞ்சிய எர்த் ஒயரும் ஓம் மீட்டரில் பூஜ்யம் காட்டும், 60 ஆம்பியர் ஓடினால்தான் அதன் பலவீனம் தெரியும். அதேபோல் ஆல்டர்நேட்டர் கரண்டே தராதபோது இந்த இழப்புச் சோதனை பூஜ்யத்துக்கு அருகில்தான் காட்டும்; அதைப் பார்த்து ஒயரிங் சரி என்று முடிவு செய்யக் கூடாது.

கடைசியாக மீட்டரை ஏசி (மாறுமின்சாரம்) வோல்ட்டுக்கு மாற்றி, எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் வையுங்கள். 0.1க்குக் கீழே நல்லது, 0.5ஐத் தாண்டினால் டயோடு போய்விட்டது. டயோடு ஒன்று போனால் சார்ஜ் முற்றிலும் நிற்காது, பாதியாகக் குறையும். ரேடியோவில் இரைச்சல் வரும், இரவோடு இரவாக பேட்டரி இறங்கும். சில மலிவு மீட்டர்கள் டிசி வோல்ட்டையே ஏசியாகக் காட்டும். முனைகளை மாற்றி வைத்துப் பாருங்கள். இரண்டு அளவும் பெரிதாக வேறுபட்டால் அந்த மீட்டரை இந்தச் சோதனைக்கு நம்ப வேண்டாம்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி அணைகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். பேட்டரி விலகும் நொடியில் வோல்ட் பல மடங்கு எகிறும். ரெகுலேட்டர், டயோடு, எஞ்சின் கம்ப்யூட்டர் மூன்றும் ஒன்றாகப் போகலாம்.

காட்டுக்குள் நின்றுவிட்டால்

பிரஷ் சிக்கியது என்று சந்தேகம் இருந்தால் எஞ்சினை ஓடவிட்டு, ஆல்டர்நேட்டரின் பின்புறத்தை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள், கை பெல்ட்டின் அருகே போகாமல். உடனே சார்ஜ் வந்தால் காரணம் உறுதியாகிவிட்டது. ஆனால் அது வீடு சேர்வதற்கு மட்டும்.

சார்ஜ் வரவே இல்லை என்றால் பேட்டரியை வைத்தே எவ்வளவு தூரம் போகலாம் என்று கணக்கிடுங்கள். 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் நம்பி எடுக்கக்கூடியது பாதி, அதாவது 30. பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசலுக்கு எரிபொருள் சொலினாய்டு மட்டும் போதும், சுமார் 1 ஆம்பியர். பகல் முழுவதும் ஓட்டலாம். பெட்ரோல் இன்ஜெக்ஷன், காமன் ரெயில் டீசல் வண்டிகள் 10 முதல் 15 ஆம்பியர் கேட்கும், ஆக இரண்டு முதல் மூன்று மணி நேரம். இரவில் ஹெட்லைட் 9, ரேடியேட்டர் ஃபேன் 15 முதல் 20 ஆம்பியர் சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூட நிச்சயமில்லை. வின்ச் இழுத்த பேட்டரி என்றால் இதிலும் பாதி. எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் வோல்ட் இறங்கினால் ஸ்டீயரிங் திடீரென்று கனக்கும். மலைப்பாதையில் இதை மனதில் வைத்து வேகத்தைக் குறையுங்கள். வழியில் எஞ்சினை அணைக்காதீர்கள். ஸ்டார்ட் செய்யச் செலவாகும் ஆம்பியர்-மணி சொற்பம்தான், ஆனால் இறங்கிய பேட்டரிக்கு 200 ஆம்பியரை ஒரே மூச்சில் கொடுக்கத் தெம்பு இருக்காது.

கழுவிக் காயவைத்து ஓட்டுவது

இழப்புச் சோதனையில் கோளாறு ஒயரிலோ பெல்ட்டிலோ இருந்தது, ஆல்டர்நேட்டர் சத்தமின்றிச் சுழல்கிறது, ஏசி அளவு குறைவு, சார்ஜ் வருகிறது. இப்படியென்றால் இது போதும், வேறு செலவு வேண்டாம். அறுந்த எர்த் ஒயரை ஒட்டுப் போடாமல் புதிதாகவே மாற்றுங்கள். லக் உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை சுரண்டி, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள்.

ஆல்டர்நேட்டரைக் கழுவும் முன் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் மைனஸைக் கழற்றியிருக்க வேண்டும். அதன் பிளஸ் போல்ட்டில் சாவி அணைத்தாலும் எப்போதும் கரண்ட் உண்டு. ஸ்பேனர் உடலில் பட்டால் தீப்பொறி பறக்கும். சாதாரணக் குழாய்த் தண்ணீரை மெதுவாக இரு முனைத் துளைகளிலும் விட்டு, புல்லியைக் கையால் சுழற்றிக்கொண்டே, கலங்கல் இல்லாமல் தெளிந்து வரும்வரை அலசுங்கள். பிரஷர் வாஷர் கூடாது. அது மணலைப் பேரிங் சீலுக்குள் தள்ளிவிடும். பிறகு குறைந்த அழுத்தக் காற்றால் ஊதி, பிரஷ் பகுதியில் எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அடித்து முழுதாகக் காயவிடுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள ஸ்பிரே எதையும் பிரஷ் பக்கம் அடிக்காதீர்கள். பசையில் கார்பன் தூள் ஒட்டிக் கெட்டியாகிவிடும். கடல் நீரில் இறங்கிய வண்டி என்றால் இந்த அலசலை அன்றே செய்ய வேண்டும்.

இந்த வழியின் எல்லை ஒன்றுதான்: பேரிங்குக்குள் போன மணலைக் கழுவி எடுக்க முடியாது.

பிரஷ், பேரிங், ரெகுலேட்டர் மாற்றுவது

வண்டியோடு வந்த ஒரிஜினல் ஆல்டர்நேட்டர், அதன் காயில் எரியவில்லை என்றால், சேற்றில் மாட்டிய பெரும்பாலான வண்டிகளுக்கு நாங்கள் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். தேய்வது பிரஷும் பேரிங்கும், சூட்டில் முதலில் சாவது ரெகுலேட்டர். மற்ற பாகங்கள் வண்டியின் ஆயுளுக்கும் உழைக்கும். நல்ல எலக்ட்ரீஷியனுக்கு அரைநாள் வேலை.

கழற்றியதும் இந்த அளவுகளை எடுக்கச் சொல்லுங்கள், முடிந்தால் அருகில் நின்று பாருங்கள். இரண்டு ஸ்லிப் ரிங்குகளுக்கும் இடையே பொதுவாக 2 முதல் 5 ஓம். ரிங்குக்கும் தண்டுக்கும் இடையே இணைப்பே இருக்கக் கூடாது. சுழலாமல் நிற்கும் ஸ்டேட்டர் காயிலின் மூன்று முனைகளும் தமக்குள் சமமாக, ஓர் ஓமுக்கும் குறைவாக, உடலோடு தொடர்பின்றி. டயோடு சோதனையில் ஒரு திசையில் 0.4 முதல் 0.7 வோல்ட், எதிர்த்திசையில் ஒன்றும் இல்லை. டயோடு தட்டைத் துல்லியமாகச் சோதிக்க காயில் முனைகளைச் சால்டரிலிருந்து பிரித்தாக வேண்டும். பிரிக்காமல் "எல்லாம் நல்லாயிருக்கு" என்றால் பாதிதான் பார்த்திருக்கிறார்கள். கருகிய வாடையும் கறுத்த வார்னிஷும் மீட்டருக்கு முன்பே செய்தி சொல்லிவிடும்.

புது பிரஷ் கூட்டுக்கு வெளியே 10 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கும். 5க்குக் குறைந்தால் மாற்ற வேண்டியதுதான். உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் வேறு எல்லை இருந்தால் அதுவே செல்லும். ஸ்லிப் ரிங்கில் லேசான கோடுகளை மெல்லிய எமரித் தாளால் தேய்த்துவிடலாம். நகம் மாட்டும் பள்ளம் என்றால் லேத்தில் கடைய வேண்டும் அல்லது ரிங்கையே மாற்ற வேண்டும். பள்ளம் விழுந்த ரிங்கில் புது பிரஷ் போட்டால் சீக்கிரமே மறுபடி அதே கதை.

பேரிங் வாங்கும்போது பழையதில் பொறித்த எண்ணோடு இரண்டு விஷயங்களையும் சொல்லிக் கேளுங்கள்: இரு பக்கமும் ரப்பர் சீல், அதாவது 2ஆர்எஸ், சூட்டில் விரிவதற்கு இடம்விடும் சி3 இடைவெளி. இரும்புத் தகடு மூடிய பேரிங் சேற்றுக்கு ஆகாது. முன்பக்கம் மட்டும் சத்தம் என்றாலும் இரண்டையும் மாற்றிவிடுங்கள், மணல் பாரபட்சம் பார்ப்பதில்லை.

ஆல்டர்நேட்டரின் பின்னால் பிரேக்குக்கான வேக்கம் பம்ப் பொருத்திய டீசல் வண்டிகளில் எண்ணெய் சீலையும் சேர்த்து மாற்றுங்கள். அந்த சீல் கசிந்தால் எஞ்சின் ஆயில் பிரஷில் இறங்கி, சேறு சிக்கியதைப் போலவே சார்ஜை நிறுத்தும்.

இந்த வழி எப்போது ஒத்துவராது? பேரிங்கின் வெளிவளையம் அலுமினிய உடலுக்குள் சுழன்று துளையைப் பெரிதாக்கியிருந்தால், உடல் விரிசல் விட்டிருந்தால், காயிலும் டயோடும் சேர்ந்தே கருகியிருந்தால். பசை வைத்து பேரிங்கை ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

ரீபில்ட் செய்தது

வண்டி ஒருநாள்கூட நிற்க முடியாது என்பவர்களுக்கு இது வசதி. ஆனால் உங்கள் ஆல்டர்நேட்டரின் வரலாறு உங்களுக்குத் தெரியும், இதன் வரலாறு தெரியாது. என்னென்ன புதிதாகப் போட்டார்கள், சூடான நிலையில் எத்தனை ஆம்பியர் தந்தது, உத்தரவாதத்தில் தண்ணீர் புகுந்தது அடங்குமா என்று கேளுங்கள். டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிக் காட்டும் கடை என்றால் வாங்கலாம். பெயின்ட் மட்டும் புதிதாக மின்னினால், சொந்தத்தைப் பழுது பார்ப்பதே மேல். பிளக்கின் வடிவம், புல்லியின் வரிகள், பொருத்தும் காதுகளின் இடைவெளி மூன்றையும் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் பழையதைக் கொடுத்துவிட வேண்டாம்.

புதியது

காயில் எரிந்தாலோ உடல் கெட்டாலோ புதிதுதான் சரி. எஞ்சின் கம்ப்யூட்டர் நேரடியாகக் கட்டுப்படுத்தும் ஆல்டர்நேட்டர் என்றாலும் ஒரிஜினல் புதியதன் பக்கமே சாயலாம். அங்கே ரெகுலேட்டர் கம்ப்யூட்டரோடு பேசும் மொழி ஒத்துப்போகாவிட்டால், பார்வைக்கு அச்சு அசலாக இருந்தாலும் விளக்கு அணையாது.

மலிவான மாற்றுத் தயாரிப்பு வாங்குவதானால் லேபிளைப் படியுங்கள். 14 வோல்ட் 50/120 ஆம்பியர் என்பதுபோல இரண்டு எண்கள் இருந்தால், முதலாவது ஐடிலிங் அளவு சுழற்சியில் கிடைப்பது, இரண்டாவது ஆல்டர்நேட்டர் 6000 சுழற்சியில் ஓடும்போது கிடைப்பது. நெடுஞ்சாலைக்காரருக்கு இரண்டாம் எண் போதும். பாறைமேல் ஊர்ந்துபோகும் வண்டிக்கு முதல் எண்தான் முக்கியம். மலிவானவை பல அதை அச்சிடுவதே இல்லை. பெரிய எண்ணை மட்டும் காட்டுவதை எங்களால் பரிந்துரைக்க முடியாது.

பெரியதற்கு மாறுவது

கோளாறுக்குப் பரிகாரமாக இதைச் செய்யாதீர்கள். எர்த் கெட்டிருக்கும் வண்டியில் 150 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் போட்டால் வோல்ட் இழப்பும் சூடும் இன்னும் அதிகமாகும். எல்லாம் சரியாக இருந்தும், ஃப்ரிட்ஜ், கூடுதல் விளக்குகள், ரேடியேட்டர் ஃபேன் ஆகியவை சேர்ந்து ஊரும் வேகத்தில் பேட்டரியை இறக்குகின்றன என்றால் மட்டும் யோசிக்கலாம்.

அப்போதும் ஆல்டர்நேட்டரோடு முடியாது. பிளஸ் கேபிள் 25 அல்லது 35 சதுர மில்லிமீட்டருக்கு மாற வேண்டும், எர்த்தும் அதே தடிமனில், ஃப்யூஸ் லிங்க்கும் அதற்கேற்ப. ஒற்றை வி பெல்ட் 100 ஆம்பியர் அளவைத் தாண்டினால் வழுக்கத் தொடங்கும். 14 வோல்ட்டில் 100 ஆம்பியர் எடுக்க எஞ்சினிலிருந்து ஏறக்குறைய மூன்று குதிரைத்திறன் போகிறது. அது முழுக்க அந்த மெல்லிய பெல்ட் வழியாகத்தான் வர வேண்டும். எப்போதாவது வின்ச் இழுப்பவருக்கு இத்தனை மாற்றத்தைவிட, இரண்டாவது பேட்டரியும், வண்டியின் மின்சாரத்திலிருந்தே அதை ஏற்றும் டிசி-டிசி சார்ஜரும் நல்ல தீர்வு. வின்ச்சின் 400 ஆம்பியரைத் தருவது எப்படியும் பேட்டரிதான், ஆல்டர்நேட்டர் அல்ல.

பொருத்திய பிறகு

எந்த வழியில் போனாலும், இறங்கிய பேட்டரியை வெளிச் சார்ஜரில் முழுதாக ஏற்றிய பிறகே வண்டியில் பொருத்துங்கள். 60 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 6 ஆம்பியரில் ஓர் இரவு. காலிப் பேட்டரியை ஏற்றும் வேலையை முதல்நாளே கொடுத்தால் புது டயோடுகளும் வெந்துபோகும். பின் ஒயரிங் இழப்பு, ஏசி அளவு இரண்டையும் மீண்டும் எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒப்பிட உதவும்.

கழுவி மட்டும் விட்டவர்கள் மூன்று வாரம் கழித்து ஒருமுறை பெல்ட்டை எடுத்துவிட்டு புல்லியைக் கையால் சுழற்ற வேண்டும். கரகரவென்று விரலில் உணர்ந்தால், அல்லது புல்லியைப் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால், சத்தம் வரும்வரை காத்திராமல் பேரிங்கை மாற்றிவிடுங்கள். பேரிங் இறுகி நின்றால் பெல்ட் அறும்; பல வண்டிகளில் தண்ணீர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது.